பிலடெல்பியா கேசினோ எதிர்ப்பு இயக்கம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிலடெல்பியா நகரில், வீடுகளையும் பள்ளிகளையும் வழிபாட்டிடங்களையும் ஒட்டிச் சூதாட்ட விடுதிகள் அமைவதை எதிர்த்து நகரவாசிகள் நடத்திய தொடர் போராட்டமே பிலடெல்பியா கேசினோ எதிர்ப்பு இயக்கம். 2006இல் டெலவேர் ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் தொடங்கி, 2008 முதல் நகரின் நடுவிலுள்ள சைனாடவுன் என்ற சீனர் பேட்டையை மையமாகக் கொண்டது. மாநில அரசு நகருக்கு ஒதுக்கிய இரண்டு கேசினோ உரிமங்களில் ஒன்று 2010 செப்டம்பரில் விடுதியாகத் திறக்கப்பட்டது. மற்றொன்று அதே ஆண்டு டிசம்பரில் ரத்தாயிற்று.

சூதாட்டம் சரியா தவறா என்ற பழைய வாதத்தை இந்த இயக்கம் முன்னால் வைக்கவில்லை. அதில் சேர்ந்தவர்களில் சீட்டாடுபவர்களும் லாட்டரி வாங்குபவர்களும் இருந்தார்கள். "எங்கள் தெருமுனையில் கொண்டுவந்து வைக்கிறீர்களே, யாரைக் கேட்டு வைக்கிறீர்கள்?" என்பதுதான் அவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு மாநிலம் கடைசிவரை நேராகப் பதில் சொல்லவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இயக்கம் ஏன் இப்படியெல்லாம் வளைந்து நெளிந்து போயிற்று என்பது விளங்கும்.

சட்டம் வந்த வழி

பென்சில்வேனியாவில் ஸ்லாட் இயந்திரச் சூதாட்டத்தை அனுமதித்த சட்டம் 2004 ஜூலையில், அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறையை ஒட்டி நிறைவேறியது. குதிரைப் பந்தயத்தில் ஈடுபடுவோரின் குற்றப் பின்னணியைக் காவல்துறை சரிபார்ப்பது பற்றிய ஒரு பக்க மசோதாவாக அது சட்டமன்றத்துக்குள் நுழைந்தது. வெளியே வரும்போது சுமார் 145 பக்கங்கள் கொண்ட சூதாட்டச் சட்டமாகியிருந்தது. ஊர்க்கூட்டங்கள் இல்லை, பொது விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆளுநர் எட் ரெண்டல் கையெழுத்திட்டார். அவரே 1992 முதல் 2000 வரை பிலடெல்பியாவின் மேயராக இருந்தவர்.

சட்டத்தை ஆதரித்தவர்களின் கணக்கு எளிமையானது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், அண்டை மாநிலமான நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் 1978 முதல் கேசினோக்கள் நடந்துவந்தன. பென்சில்வேனியாக்காரர்களின் பணம் அங்கே போய்க் கொட்டுகிறது, அதை இங்கேயே பிடித்து வைத்தால் வீட்டு வரியைக் குறைக்கலாம், நலிந்துபோன குதிரைப் பந்தயத் தொழிலையும் தூக்கி நிறுத்தலாம் என்றார்கள். மாநிலம் முழுவதும் 14 இடங்கள், அதிகபட்சம் 61,000 இயந்திரங்கள் என்று சட்டம் வரையறுத்தது. இயந்திர வருவாயில் பாதிக்கு மேல் வரியாகப் போகும். மொத்த வருவாயில் 34 விழுக்காடு வரிச் சலுகைக்கு. பிலடெல்பியாவுக்கு மட்டும் குதிரைப் பந்தயத் திடலோடு சேராத இரண்டு தனி கேசினோக்கள் ஒதுக்கப்பட்டன.

ஒரு கட்டடம் எங்கே, எந்தப் பயன்பாட்டுக்கு வரலாம் என்பதை அமெரிக்க நகரங்களில் உள்ளாட்சியின் நில மண்டல விதிகள் தீர்மானிக்கும். தன் வீட்டுக்குப் பக்கத்தில் எழும் கட்டடம் பற்றிக் குடிமகன் வாய் திறக்க முடிகிற இடமும் அதுதான். புதிய சட்டம் கேசினோக்களுக்கு அந்த விதிகளிலிருந்தே விலக்கு அளித்தது. 2005இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ரத்து செய்தபோதிலும் மற்றதை நிற்கவிட்டது. எங்கே, யாருக்கு உரிமம் என்பதை ஏழு உறுப்பினர் கொண்ட பென்சில்வேனியா சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் முடிவு செய்யும். வாரியத்தின் தீர்ப்பை எதிர்த்தால் கீழ்நீதிமன்றங்களுக்குப் போக முடியாது, நேரே உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தெருவில் வசிப்பவர் நுழையக்கூடிய கதவுகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டிருந்தன.

ஆற்றங்கரை

இரண்டு உரிமங்களுக்கு ஐந்து நிறுவனங்கள் போட்டியிட்டன. டொனால்ட் டிரம்பின் பெயரைத் தாங்கிய திட்டமும் அவற்றில் ஒன்று. 2006 டிசம்பர் 20 அன்று வாரியம் இரண்டைத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் டெலவேர் ஆற்றங்கரையில் அமைய வேண்டியவை. வடக்கே ஃபிஷ்டவுன் பகுதியில், பழைய சர்க்கரை ஆலை நின்ற மனையில் சுகர்ஹவுஸ். சிகாகோ தொழிலதிபர் நீல் புளூம் அதன் முக்கிய முதலீட்டாளர். தெற்கே பென்ஸ்போர்ட் பகுதியில் ஃபாக்ஸ்வுட்ஸ். கனெடிகட் மாநிலத்தில் மிகப்பெரிய கேசினோ நடத்திவந்த மஷன்டக்கெட் பீக்வாட் பழங்குடியினரும் உள்ளூர் முதலீட்டாளர்களும் இதன் பங்காளிகள்.

ஃபிஷ்டவுனும் பென்ஸ்போர்ட்டும் துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் தலைமுறைகளாக வாழ்ந்த இடங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், குறுகலான தெருக்கள். ஆலைகள் மூடப்பட்டபின் ஆற்றங்கரை பாழ்நிலமாகக் கிடந்தது. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே 95ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வேறு. கரையை மீண்டும் ஊருக்குத் திறந்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வலுப்பெற்றுவந்தது. 2006 அக்டோபரில் மேயர் ஜான் ஸ்ட்ரீட் உத்தரவின்படி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திட்டமிடல் குழு ஒன்று குடியிருப்பாளர்களோடு உட்கார்ந்து கரைக்கான தொலைநோக்குத் திட்டம் தீட்டத் தொடங்கியது. தெருக்களைத் தண்ணீர்வரை நீட்டுவது, பூங்காக்கள், நடைபாதை என்று ஒருபுறம் வரைபடம் உருவாகிக்கொண்டிருந்த நேரத்திலேயே, மறுபுறம் ஆயிரக்கணக்கான கார்கள் நிற்கும் அடுக்கு நிறுத்தங்களோடு, ஜன்னலற்ற இரண்டு பெருங்கட்டடங்களுக்கு வாரியம் உரிமம் கொடுத்துவிட்டது. மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும் வேலையும், அவர்களைக் கேளாமல் முடிவெடுக்கும் வேலையும் ஒரே கரையில் ஒரே மாதங்களில் நடந்தன. அந்த வேதனையிலிருந்துதான் இயக்கத்தின் வேகம் பிறந்தது.

2006இல் ஜெத்ரோ ஹைகோ, டேனியல் ஹண்டர் ஆகிய இருவரும் தொடங்கிய 'கேசினோ-ஃப்ரீ பிலடெல்பியா' என்ற அமைப்பு, சிதறிக் கிடந்த குடியிருப்பாளர் சங்கங்களை இணைத்தது. வன்முறையற்ற நேரடிப் போராட்டத்தில் பயிற்சி பெற்றவர் ஹண்டர். இந்த அனுபவத்தை அவர் பின்னர் 'ஸ்ட்ராட்டஜி அண்ட் சோல்' என்ற நூலாக எழுதினார்.

அவர்களுடைய முதல் பெரிய நடவடிக்கை கேசினோ கூடாது என்றுகூடக் கேட்கவில்லை. நிறுவனங்கள் வாரியத்திடம் கொடுத்த கட்டட வரைபடம், போக்குவரத்துக் கணிப்பு, வருவாய்க் கணிப்பு முதலியவற்றில் பெரும்பகுதி மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. அவற்றை 2006 டிசம்பர் 1க்குள் வெளியிடுங்கள், இல்லையேல் நாங்களே வந்து தேடி எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். சொன்னபடியே டிசம்பர் 11 அன்று மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் உள்ள வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். பதினான்கு பேர் கைதானார்கள். அலுவலகத்தில் வெளிப்படைத்தன்மை போதவில்லை என்று காட்ட, கையோடு கொண்டுபோன துடைப்பான்களால் கண்ணாடிகளைத் துடைத்த காட்சியும் செய்திகளில் வந்தது. கேசினோவை விரும்புகிற ஒருவர்கூட "ஆவணத்தைக் காட்டினால் என்ன?" என்று கேட்கும்படி கோரிக்கையை அமைத்ததுதான் இதன் கெட்டிக்காரத்தனம். முன்பு மறைத்து வைத்திருந்த ஆவணங்களில் பல அதன்பின் வெளிவந்தன.

நீக்கப்பட்ட வாக்குக் கேள்வி

உரிமம் வழங்கிய பிறகு சண்டை வாக்குப்பெட்டிப் பக்கம் திரும்பியது. வீடு, பள்ளி, வழிபாட்டிடம், பூங்கா ஆகியவற்றிலிருந்து 1,500 அடிக்குள் கேசினோ கூடாது என்று நகரச் சாசனத்தைத் திருத்த வேண்டும். அதற்கு 2007 மே 15 அன்று நடக்கும் தேர்தலிலேயே மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது கோரிக்கை. பனிக்காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி 27,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் தன்னார்வலர்கள் திரட்டினார்கள். நகர மன்றம் 17-0 என்று ஒருமனதாக அந்தக் கேள்வியை வாக்குச்சீட்டில் சேர்த்தது.

வாரியம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில் கேள்வியை நீக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தோற்றுவிடுவோம் என்று தெரிந்த வாக்கெடுப்பை நடக்கவிடாமல் செய்வது ஒரு அரசு நிறுவனத்துக்கு அழகல்ல. நகரத்தில் கேசினோவைப் பற்றி அக்கறையில்லாமல் இருந்த பலரும் அன்றுதான் கோபப்பட்டார்கள். கேசினோ-ஃப்ரீ பிலடெல்பியா சோர்ந்துவிடவில்லை. தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிகளுக்கு வெளியே மேசை போட்டு, தன் பெட்டியை வைத்து, அதே கேள்விக்கு வாக்குச் சேகரித்தது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று போட்டார்கள். சட்டப்படி செல்லாத அந்த வாக்குகளை அரசியல்வாதிகள் எண்ணிப் பார்க்கத் தவறவில்லை.

அடுத்து வந்த மேயர் மைக்கேல் நட்டர் ஆற்றங்கரை கேசினோக்களை எதிர்த்துப் பேசி வந்தவர். 2008 ஜனவரியில் பதவியேற்றதும், முந்தைய நிர்வாகம் சுகர்ஹவுஸுக்குக் கொடுத்திருந்த, ஆற்றுநிலத்தில் கட்டுவதற்கான அனுமதியை ரத்து செய்தார். அதையும் சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுத்துவிட்டது. நகர மன்றம் மண்டல அனுமதியைத் தாமதித்தபோதும் அந்த நீதிமன்றமே உள்ளே வந்து அனுமதியைச் செல்லுபடியாக்கியது.

சைனாடவுன்

2008 செப்டம்பரில் கதை எதிர்பாராத திசையில் திரும்பியது. பென்ஸ்போர்ட் எதிர்ப்பில் சிக்கிய ஃபாக்ஸ்வுட்ஸ், ஆற்றங்கரையை விட்டு நகர மையத்துக்கு, மார்க்கெட் தெருவிலுள்ள கேலரி என்ற வணிக வளாகத்துக்கு இடம்மாறப்போவதாக அறிவித்தது. ஆளுநரும் ஆதரித்தார், மேயரும் ஆதரித்தார். ஆற்றங்கரைக்காரர்களில் சிலருக்கு இது வெற்றிபோலவே தெரிந்தது. ஆனால் கேலரிக்கு ஓரிரு தெரு தள்ளிச் சைனாடவுன் இருக்கிறது. அங்கே வசித்தவர்களை யாரும் கலந்துபேசவில்லை. செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒரு பேட்டையின் தலைவலி இன்னொரு பேட்டைக்குக் கைமாற்றப்பட்டது, அதுவும் குரல் குறைவாகக் கேட்கும் என்று நினைத்த பேட்டைக்கு.

குரல் குறைவு என்ற நினைப்பு தப்பு. பிலடெல்பியா சைனாடவுன் 1870களில் ரேஸ் தெருவில் ஒரு சலவைக்கடையிலிருந்து வளர்ந்தது. நகரம் பெரிதாக எதையாவது கட்ட நினைக்கும்போதெல்லாம் அதன் விளிம்பு வெட்டுப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. 1960களில் வைன் தெரு அதிவேகச் சாலைத் திட்டம், 1941இல் கட்டப்பட்ட ஹோலி ரிடீமர் கத்தோலிக்கத் தேவாலயத்தையும் அதன் பள்ளியையும் இடிக்கப் பார்த்தது. ஊரே திரண்டு பல ஆண்டுகள் போராடித் தேவாலயத்தைக் காப்பாற்றியது, சாலை சுருங்கிய வடிவில் 1991இல் முடிந்தது. 1977இல் கேலரி வளாகம், 1993இல் மாநாட்டு மையம் ஆகியவை வேறு பக்கங்களில் முளைத்தன. 2000இல் மேயர் ஸ்ட்ரீட் கொண்டுவந்த பேஸ்பால் மைதானத் திட்டத்தைச் சைனாடவுன் விரட்டியடித்தது. ஆகவே 2008இல் இளையவர்களுக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. தாத்தா பாட்டிகள் தேவாலயத்துக்காக ஊர்வலம் போன கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஏஷியன் அமெரிக்கன்ஸ் யுனைடெட், பிலடெல்பியா சைனாடவுன் வளர்ச்சிக் கழகம் முதலிய அமைப்புகளும் தேவாலயமும் வணிகர்களும் மாணவர்களும் ஒரு கூட்டணியாகச் சேர்ந்தார்கள். நகர மன்றக் கூட்டங்கள் சைனாடவுன்காரர்களால் நிரம்பின. ஆற்றங்கரைச் சங்கங்களில் பலவும், 'எங்களிடமிருந்து போனால் போதும்' என்று ஒதுங்காமல், அவர்கள் பக்கம் வந்து நின்றன. இயக்கத்தின் வரலாற்றிலேயே மதிப்பு மிக்க முடிவு இதுதான் என்று சொல்லலாம். அப்படி ஒதுங்கிப்போனதால் சிதறிய போராட்டங்கள் உலகில் ஏராளம்.

சைனாடவுன்காரர்களின் வாதம் ஆற்றங்கரையினரின் வாதத்தைவிட நேரடியானது. கேசினோ வந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் ஊகிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அட்லாண்டிக் சிட்டி கேசினோக்களுக்குப் போகும் பேருந்துகள் சைனாடவுன் தெருக்களிலிருந்தே புறப்பட்டன. ஏறுபவர்களுக்குச் சூதாடவும் சாப்பிடவும் சலுகைச் சீட்டுகள். உணவக வேலை முடிந்து நள்ளிரவில் வெளியே வரும் சமையல்காரருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும், ஆங்கிலம் தெரியாத முதியவர்களுக்கும் அந்த நேரத்தில் திறந்திருக்கிற, தம் மொழியில் வரவேற்கிற வேறு இடமில்லை. ஆசியக் குடியேறிகளைக் குறிவைத்து அழைப்பது கேசினோத் தொழிலில் ஒளிவுமறைவில்லாத வணிக உத்தி. பேருந்துப் பயணம் இருக்கும்போதே இவ்வளவு குடும்பங்கள் கடனில் விழுந்தால், நடந்து போகும் தூரத்தில் 24 மணி நேரமும் திறந்திருந்தால் என்ன கதி என்று தாய்மார்கள் மன்றத்தில் கேட்டார்கள். இதைத் தொகுத்து ஊடகங்களில் முன்வைத்தவர்களில் ஏஷியன் அமெரிக்கன்ஸ் யுனைடெட்டின் ஹெலன் ஜிம் குறிப்பிடத்தக்கவர். 2015இல் அவர் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஃபாக்ஸ்வுட்ஸ் தன் திட்டத்தைக் கேலரியிலிருந்து பக்கத்திலுள்ள பழைய ஸ்ட்ராபிரிட்ஜ் பல்பொருள் அங்காடிக் கட்டடத்துக்கு மாற்றிப் பார்த்தது. எதிர்ப்புத் தணியவில்லை. இதற்குள் 2008இன் நிதி நெருக்கடி வந்துவிட்டது. கனெடிகட்டில் தாய் நிறுவனமே கடனைக் கட்ட முடியாமல் தவித்தது. திரும்ப ஆற்றங்கரைக்கே போகும்படி வாரியம் சொன்னது, தாமதத்துக்கு நாள்தோறும் அபராதம் விதித்தது. 2010இல் லாஸ் வேகஸ் முதலாளி ஸ்டீவ் வின் கைகொடுக்க வந்து இரண்டே மாதத்தில் விலகினார். பிறகு ஹாராஸ் நிறுவனம் வந்தது. பணம் திரண்டபாடில்லை. 2010 டிசம்பரில் வாரியம் உரிமத்தை ரத்து செய்தது. உரிமத்துக்காகச் செலுத்திய 5 கோடி டாலரும் திரும்பவில்லை.

ஃபாக்ஸ்வுட்ஸைச் சாய்த்தது மக்களா, நிதிச் சந்தையா? கடைசி அடி பணத்தட்டுப்பாடுதான். ஆனால் 2006 டிசம்பரில் உரிமம் பெற்ற நிறுவனம், கடன் எளிதாகக் கிடைத்த 2007இலேயே அஸ்திவாரம் போட்டிருக்க முடியும். அந்த ஆண்டைக் கையெழுத்துகளும் வழக்குகளும் மன்ற விசாரணைகளும் தின்றுவிட்டன. வெல்ல முடியாத இடத்தில் காலத்தை வாங்குவதும் ஒரு போர்முறை என்பதை இயக்கத்தினர் அறிந்தே செய்தார்கள்.

சுகர்ஹவுஸ்

வடக்கே நிலைமை வேறு. ஃபிஷ்டவுன் மக்களே இரண்டாகப் பிரிந்தார்கள். வேலை வரும், பாழ்நிலம் துலங்கும் என்று நம்பிய பழைய குடும்பங்கள் ஒரு பக்கம். எதிர்த்த சங்கங்கள் மறுபக்கம். கட்டடத் தொழிற்சங்கங்கள் கேசினோவை ஆதரித்தன. ஆலைகள் போனபின் வேலையில்லாமல் கிடந்த இடத்தில் அந்த ஆதரவைக் குறைசொல்வது எளிதல்ல. கட்டுமானம் தொடங்கிய பிறகு வாயிலை மறித்து உட்கார்ந்தவர்கள் கைதானார்கள். அந்த மனையில் லெனாப்பே பழங்குடியினரின் தொல்பொருள்களும் அமெரிக்கப் புரட்சிக்காலப் பிரிட்டிஷ் கோட்டையின் இடமும் இருப்பதாக எழுந்த வாதங்களும் வேலையை நிறுத்தவில்லை. 2010 செப்டம்பர் 23 அன்று சுமார் 1,600 ஸ்லாட் இயந்திரங்களோடு சுகர்ஹவுஸ் திறந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மாநிலம் மேசைச் சூதாட்டத்தையும் அனுமதித்திருந்ததால் சீட்டாட்ட மேசைகளும் முதல் நாளிலிருந்தே இருந்தன. முதலில் கேட்டது இயந்திரம் மட்டும்தான் என்பதைக் குடியிருப்பாளர்கள் மறக்கவில்லை. 2019இல் அதன் பெயர் ரிவர்ஸ் கேசினோ பிலடெல்பியா என்று மாறியது.

கேசினோவால் தெருக்குற்றம் பெருகும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னது ஃபிஷ்டவுனில் பெருமளவு பலிக்கவில்லை; குற்றவியலாளர்கள் செய்த ஆய்வு, திறப்புக்குப் பின் அங்கே வன்குற்றம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்றே கண்டது. இதை ஒப்புக்கொள்வதால் இயக்கத்தின் நியாயம் குறைவதில்லை. கேசினோவின் கேடு காவல்துறைப் பதிவேட்டில் ஏறுவதில்லை. வாடகைப் பணமும் பள்ளிக் கட்டணமும் காணாமல் போகும் வீடுகளுக்குள்தான் அது நடக்கிறது. பிள்ளைகளைக் காரில் பூட்டிவிட்டுச் சூதாடப் போகாதீர்கள் என்று பென்சில்வேனியா வாரியமே விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்த வேண்டி வந்திருப்பது அதற்குச் சான்று.

பிற நகரங்கள்

மக்களைக் கேட்டாக வேண்டும் என்று சட்டமே சொன்ன இடங்களில் முடிவுகள் எப்படி அமைந்தன என்பது ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 2011 சட்டம், கேசினோ அமையும் ஊரில் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கியது. 2013 நவம்பரில் பாஸ்டனின் கிழக்குப் பகுதி, சஃபோக் டவுன்ஸ் பந்தயத் திடலில் அமையவிருந்த கேசினோவை நிராகரித்தது. மேயரும் பெரும்பணமும் ஆதரித்த திட்டம் அது. எதிர்த்தவர்கள் கையில் இருந்தது சொற்பம். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம் 2021இல் குறுகிய வித்தியாசத்திலும், நிறுவனங்கள் மறுபடி முயன்ற 2023இல் பெரும் வித்தியாசத்திலும் வேண்டாம் என்றது. கனடாவின் டொரன்டோவில் மேயர் ராப் ஃபோர்ட் விரும்பிய கேசினோவை 2013 மே மாதம் நகர மன்றம் தோற்கடித்தது. நியூயார்க்கில் ஒவ்வொரு திட்டத்துக்கும் உள்ளூர் ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியால், டைம்ஸ் சதுக்கத் திட்டம் உட்பட மன்ஹாட்டனின் மூன்று திட்டங்களும் 2025 செப்டம்பரில் விழுந்தன.

பின்னர்

ரத்தான உரிமத்துக்கு 2012இல் பென்சில்வேனியா மறுபடி விண்ணப்பங்களை வரவேற்றது. விண்ணப்பித்தவற்றில் ஒன்று மறுபடியும் எட்டாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் மூலை, அதாவது சைனாடவுனின் வாசல். சைனாடவுன் மறுபடியும் விசாரணைகளுக்குப் போய்ச் சாட்சி சொன்னது. 2014 நவம்பரில் உரிமம் தென் பிலடெல்பியாவின் விளையாட்டரங்குப் பகுதிக்குப் போயிற்று. அங்கேயும் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். லைவ் என்ற பெயரில் அந்த கேசினோ 2021 தொடக்கத்தில் திறந்தது.

கேலரி வளாகம் 2019இல் ஃபேஷன் டிஸ்ட்ரிக்ட் என்ற புதுப்பெயரோடு திறக்கப்பட்டது. 2022இல் அதன் ஒரு பகுதியில் கூடைப்பந்து அணியான செவன்டி-சிக்ஸர்ஸுக்கு அரங்கம் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் நகர மன்றம் ஒப்புதலும் அளித்தது. சைனாடவுன் இரண்டரை ஆண்டுகள் எதிர்த்தது. கேசினோ நாட்களில் மாணவர்களாக ஊர்வலம் போனவர்களில் சிலர் இப்போது அமைப்பாளர்களாக நின்றார்கள். ஒப்புதல் கிடைத்து ஒரு மாதத்துக்குள், 2025 ஜனவரியில், அணி உரிமையாளர்கள் திட்டத்தைக் கைவிட்டுத் தென் பிலடெல்பியாவிலேயே அரங்கம் கட்டுவதாக அறிவித்தார்கள். இந்த முடிவுக்கு முன்பும் சைனாடவுனை யாரும் கேட்கவில்லை.